கல்பனா, மொத்தம் 699

1

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஓர் அரசாங்கக் கடிதம் வந்தது. ஆக்லாந்துக்கு வந்து நான்கு வருடம் நிறைந்த நாள் அது. ஆண்டு விழா என்று சொல்லி என் கணவர் முழுக் கோழி வாங்கி வைத்திருந்தார். கோழியைத் தொடாமல், கடிதத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் வெகுநேரம் நின்றேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ஊரில் கம்ப்யூட்டர் டீச்சர். தினமும் பொன்னேரியில் ரயிலேறி, கும்மிடிப்பூண்டியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணினி அறிவியல் எடுத்தவள். இங்கே ஒரு பெரிய கடையில் ஆப்பிள் மேல் சீட்டு ஒட்டுகிறேன். நான்கு வருடமாக ஆப்பிள்களிடமிருந்து என்மேல் எந்தப் புகாரும் இல்லை. ஆனால் எனக்கு மறுபடி வகுப்பறைக்குள் போக வேண்டும். அதற்கு, நான் ஊரில் உண்மையாகவே பாடம் நடத்தினேன் என்று இங்குள்ள ஓர் அலுவலகம் நம்ப வேண்டும்.

பட்டத்தைக் கேட்டார்கள், கொடுத்தேன். அனுபவச் சான்றிதழைக் கேட்டார்கள், கொடுத்தேன். மூன்றாவதாக, என் மாணவர்கள் செய்த வேலையின் மாதிரிகளைக் கேட்டார்கள். நம் ஊரில் யாராவது இப்படிக் கேட்பார்களா? மார்க் எவ்வளவு என்பார்கள், எத்தனை பேர் பாஸ் என்பார்கள். பிள்ளை என்ன செய்தது என்று கேட்டு நான் பார்த்ததே இல்லை.

தம்பி சேகர் பள்ளிக்கூடத்துக்குப் போனான். பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்காக மூலையில் கட்டி வைத்திருந்த ரெக்கார்டு நோட்டுகளில், என் கையெழுத்து இருந்தவையாகப் பார்த்துப் பன்னிரண்டை எடுத்து அனுப்பினான். பக்கத்துக்குப் பக்கம் என் சிவப்பு மைக் கையெழுத்து. அதைப் பார்த்துப் பூரித்துப்போய், உள்ளே என்ன இருக்கிறது என்று புரட்டாமலே அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

கடிதம் அதைப் பற்றித்தான். ஹெலன் என்ற அதிகாரி மிக மரியாதையாக எழுதியிருந்தார். பன்னிரண்டு மாணவர்களின் எட்டாவது பயிற்சியிலும், அதாவது மார்க்கைக் கூட்டித் தேர்ச்சி சொல்லும் புரோகிராமிலும், கணினி தந்த விடை ஒன்றாகவே இருக்கிறதாம். எல்லாவற்றிலும் பெயர் கல்பனா. எல்லாவற்றிலும் ஆங்கிலத்தில் 62, மொத்தம் 699, முடிவு தேர்ச்சியில்லை. 'கல்பனா என்பவர் யார்? அவருடைய வேலையை மற்றவர்கள் தங்களுடையதாகத் தந்திருக்கிறார்களா? இருபது நாளுக்குள் விளக்கம் தரவும். மாதிரிகளின் விவரங்களைத் திரும்ப நிரப்பப் புதிய படிவம் இணைத்திருக்கிறோம்.'

மூன்று வருடம் நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டுத் தள்ளியதை, இந்த அம்மாள் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் படித்திருக்கிறார். இந்த தேசத்தில் மனிதர்களுக்கு வேறு வேலையே இல்லை போலிருக்கிறது.

2

பிள்ளையைக் கம்ப்யூட்டர் இருக்கிற பள்ளியில் சேர்த்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிற பெற்றோர் யாராவது இதைப் படித்தால், எங்கள் கம்ப்யூட்டர் ரூம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

2002இல் சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலை தன் அலுவலகத்திலிருந்து கழித்த பத்து கம்ப்யூட்டர்களை எங்கள் பள்ளிக்குத் தானம் செய்தது. தேங்காய் உடைத்தோம், எலுமிச்சம்பழம் வைத்தோம், பத்துக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டோம். ஒன்றின் காற்றுத் துளைக்குள் குங்குமம் போய் அது அன்றைக்கே படுத்துவிட்டது. எழுப்பத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆக ஒன்பது.

தலைமை ஆசிரியரைப் பெரிய சார் என்போம். ஜன்னல் திரைத் துணியில் ஒன்பதுக்கும் உறை தைத்துப் போட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கம்ப்யூட்டர் சூடாகக் கூடாது என்று அந்த அறைக்கு ஏசி வந்தது. கம்ப்யூட்டர் ஓடினால்தானே சூடாக? ஏசி மட்டும் ஓடியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய சார் அங்கே வந்து, உறை போட்ட ஒன்பது கம்ப்யூட்டர்களுக்கு நடுவே நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்வார். தானத்தால் முழுப் பயன் அடைந்தவர் அவர் ஒருவர்தான்.

மௌஸ் திருட்டுப் போய்விடும் என்று ஒன்பதையும் கழற்றித் தன் அறை பீரோவில் பூட்டி வைத்தார். பிள்ளைகளுக்கு நான் மௌஸைக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். வால் எந்தப் பக்கம் வரும் என்று ஒரு பெண் கேட்டாள். எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது.

வாரத்தில் இரண்டு பீரியடு பிள்ளைகளை அழைத்துப்போய்ச் சுவரோரமாக நிற்க வைப்பேன். "பாத்துக்கோங்க, தொடக் கூடாது" என்பேன். பிறகு வகுப்புக்குத் திரும்பி ரெக்கார்டு எழுதுவார்கள். வலதுபக்கம் புரோகிராமைக் கைடைப் பார்த்து எழுத வேண்டும். இடதுபக்கம் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் ஒரு மானிட்டர் வரைந்து, அதற்குள் விடையை எழுத வேண்டும். மானிட்டரின் மூலைகள் வளைவாக வராவிட்டால் ஒரு மார்க் குறைப்பேன். ஆம், குறைத்திருக்கிறேன்.

பிள்ளைகளைத் தொடவிடாத இதே பெரிய சார், தன் செல்போனில் யாருடைய நம்பரையாவது பதிய வேண்டுமென்றால் வராண்டாவில் போகிற பிளஸ் ஒன் பையனைக் கூப்பிடுவார். அவன் நடந்துகொண்டே கட்டைவிரலால் பதிந்து கொடுப்பான். "பசங்க படு சுட்டிம்மா" என்று என்னிடம் வியப்பார். அடுத்த பீரியடில் அந்தச் சுட்டி சுவரோரம் கைகட்டி நிற்கும்.

3

இங்கே எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிடாதீர்கள். அதன்மேலும் எனக்குப் பெரிய மதிப்பில்லை.

என் மகன் கவினுக்கு ஒன்பது வயது. இவன் பள்ளியில் கம்ப்யூட்டர்கள் பென்சில் டப்பா மாதிரி மேசைக்கு மேசை கிடக்கின்றன. போன மாதம் 'அம்மாவின் ஊர்' என்று படக்காட்சி தயாரிக்கச் சொன்னார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் முடித்துவிட்டான். பழவேற்காடு ஏரி, செங்கால் நாரை, சூரிய அஸ்தமனம். கடைசிப் படத்தின் அடியில் 'அறை முன்பதிவுக்கு இங்கே அழுத்தவும்' என்று இருந்தது. அதையும் சேர்த்து வகுப்பில் காட்டியிருக்கிறான். டீச்சர் 'அற்புதம்' என்று நட்சத்திரம் போட்டு அனுப்பியிருந்தார்.

"டேய், இதுல நீ எழுதினது எது?" என்றேன்.

"ஃபான்ட் நான்தான் செலக்ட் பண்ணேன்மா."

என் ஊர் நாரைகளும் அஸ்தமனமுமாம். ஆலைப் புகையில் கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாகிற ஊர் என்று சொன்னேன். "நெட்ல அப்படி இல்லையே" என்றான். அவ்வளவுதான், தீர்ப்பாகிவிட்டது. அங்கே பிள்ளைகள் மணிக்கணக்கில் கைவலிக்கக் காப்பி அடித்தார்கள். இங்கே இரண்டு விசையை அழுத்திக் காப்பி அடிக்கிறார்கள். இரண்டுக்கும் மேலே கண்ணை மூடிக்கொண்டு ஒரு டீச்சர் கையெழுத்துப் போடுகிறாள். அங்கே சிவப்பு மை, இங்கே நட்சத்திரம். இதைத்தான் தலைமுறை மாற்றம் என்கிறார்கள்.

அந்தப் படக்காட்சியை மூடுவதற்காக மௌஸை எடுத்தேன். கவின் என் கையைப் பார்த்தான். "ஏம்மா இப்படிப் பிடிக்கற? அது கடிக்காதும்மா" என்று சொல்லி வாங்கிக்கொண்டான்.

4

இனி கல்பனா.

கம்ப்யூட்டர் ரூமைப் பெருக்கப் பிள்ளைகளுக்கு முறை வைத்தோம். இரண்டாவது வாரத்திலேயே அந்த முறை கல்பனாவிடம் போய் நின்றுவிட்டது. அவள் பிளஸ் டூ. வீடு காலனியில். அவளுடைய தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலி, அப்பா இரும்பு ஆலையில் லோடு இறக்குகிறவர். இனி நீதான் பெருக்க வேண்டும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை. பெருக்குவது யார் வேலை என்று எங்கள் பள்ளிக்குத் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது.

எட்டேகாலுக்கு வாட்ச்மேன் கதவைத் திறந்துவிடுவார். ஒன்பது மணிவரை அந்த அறையில் அவளும் ஒன்பது கம்ப்யூட்டர்களும்தான். எங்கள் பள்ளியிலேயே அவற்றோடு தனியாக இருந்த ஒரே மாணவி அவள். இது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

காலாண்டுத் தேர்வு முடிந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். அன்றைக்கு நான் முந்தின ரயிலில் வந்துவிட்டேன். கதவைத் தள்ளினால், ஒரு மானிட்டரின் உறை மடித்து நாற்காலி மேல் வைத்திருக்கிறது. திரை நீலமாக எரிகிறது. துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கல்பனா நின்றுகொண்டே தட்டுகிறாள். என்னைப் பார்த்து அவள் பயப்படவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், இங்க வந்து பாருங்க டீச்சர்! எட்டாவது புரோகிராமு, ஓடுது! என் பேரு கேட்டுச்சி, போட்டேன். காலாண்டு மார்க்கு எல்லாம் கேட்டுச்சி, போட்டேன். என்னிய பெயிலுன்னு சொல்லுது டீச்சர். கரெக்டா சொல்லுது!"

பார்த்தேன். பெயர் கல்பனா. தமிழ் 141, ஆங்கிலம் 62, இயற்பியல் 98, வேதியியல் 103, கணிதம் 117, கணினி அறிவியல் 178. மொத்தம் 699. ஆங்கிலத்தில் எழுபதுக்குக் கீழே என்பதால் பெயில். தான் பெயிலானதை ஓர் இயந்திரம் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது என்று அவ்வளவு சந்தோஷப்பட்ட பிள்ளையை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்க்கவில்லை.

நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? பையிலிருந்து நோட்டை எடுத்து, திரையில் இருந்ததை அப்படியே எழுதிக்கொண்டேன். அதுவரை என் பிள்ளைகள் பென்சில் மானிட்டருக்குள் எழுதிய விடைகள் எல்லாம் நான் வீட்டில் தாளில் கணக்குப் போட்டுச் சொன்னவை. இயந்திரத்திலிருந்து வந்த நிஜமான விடை எங்கள் பள்ளியில் அது ஒன்றுதான். எழுதி முடித்து நோட்டை மூடிய பிறகு கேட்டேன், "யாரைக் கேட்டு இதைத் தொட்ட?" என்று. சிரிப்பு போய்விட்டது. அவளையே அணைக்கச் சொன்னேன். அணைத்து, உறையைப் போட்டு மூடினாள்.

பெரிய சார் விஷயத்தைக் கேட்டதும் முதலில் பீரோவைத் திறந்து மௌஸ்களை எண்ணினார். ஒன்பதும் இருந்தன. "மௌஸ் இங்க கீது, அது இல்லாமலே எப்பிடிம்மா போட்டா?" என்று திகைத்தார். மௌஸ் இல்லாமலே செய்தாள் என்பதே தனிக் குற்றமாகிவிட்டது. அப்பாவை அழைத்துவரச் சொன்னார். அவர் வேலை உடுப்போடு வந்து வாசலிலேயே நின்றார். கல்பனா மன்னிப்புக் கடிதம் எழுதினாள். நான் வரிவரியாகச் சொன்னேன். 'பள்ளியின் உடைமையைச் சேதப்படுத்தும் நோக்கத்தோடு' என்ற சொற்கள் என்னுடையவை. எந்தச் சேதமும் இல்லை.

"நாங்க பட்டன கூட தொட்டதில்ல சார். மிஷினு கெட்டுச்சின்னா நாங்க இன்னாத்த பண்றது? இஸ்கூலு போதும் சார்" என்றார் அவள் அப்பா. "வேணாம் நைனா, நான் படிக்கிறேன் நைனா" என்று அவள் அவர் கையைப் பிடித்தாள். தீபாவளி விடுமுறைக்குப் பிறகு அவள் வரவில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் எட்டாவது பயிற்சிக்கு விடை சொன்னேன். என் நோட்டைப் பார்த்துப் படித்தேன். பெயர் கல்பனா, தமிழ் 141, ஆங்கிலம் 62. நாற்பது பேர் ஸ்கேல் வைத்து மானிட்டர் வரைந்து எழுதினார்கள். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

5

ஹெலன் அம்மாளின் கடிதம் வந்த மறுநாள் சேகரைக் கூப்பிட்டேன். வேறு விடை இருக்கிற நோட்டாகப் பார்த்து அனுப்பச் சொன்னேன். பழையதைத் தவறுதலாக அனுப்பிவிட்டேன் என்று எழுதிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். அவன் அங்கே ஒரு ரோலிங் மில்லில் சூப்பர்வைசர். ஒருநாள் லீவு போட்டுப் பள்ளிக்குப் போனான்.

"அக்கா, ஒரே பேஜாரா கீதுக்கா" என்று ஆரம்பித்தான். "கட்டு பூரா பிரிச்சிப் பாத்துட்டேன். எல்லாத்துலயும் அதே கல்பனா, அதே அறுநூத்தி தொண்ணூத்தி ஒம்போது. நீ போனதுக்கு அப்புறம் வந்த டீச்சரு பழைய நோட்ட குட்த்து எழுதச் சொல்லிகினே கீதாம். இந்த வருசத்து பசங்க நோட்டும் பாத்தேன். அதுலயும் அவதான்."

நான் இருந்தபோது இரண்டு, இங்கே வந்த பிறகு நான்கு, ஆக ஆறு வருடம், வருடத்துக்கு நாற்பது பிள்ளைகள். பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட பெண் அந்தப் பள்ளியிலேயே இருநூற்று நாற்பது முறை ஆங்கிலத்தில் பெயிலாகியிருக்கிறாள். பெரிய சார் ஓய்வு பெற்றுவிட்டார், நான் நாடு விட்டுப் போய்விட்டேன், அவள் மட்டும் வெளியே வரவில்லை.

"இன்னொண்ணு சொல்லட்டா?" என்றான் சேகர். "அந்தப் பொண்ணு எங்க மில்லாண்டதான் கீது. லாரி எடை போடற வேபிரிட்ஜ் ஆபீஸ்ல. பெருக்கறதுக்குதான் சேத்தாங்களாம். ஆப்பரேட்டரு லீவுல போன அன்னிக்கி லாரிங்க லைன் கட்டி நின்னுச்சாம். இது போயி குந்திகினு கம்ப்யூட்டர்ல எடை போட்டு அனுப்பிச்சிச்சாம். அப்புறம் அதுக்கே குட்த்துட்டாங்க. அஞ்சி வருசமா அதான் ஆப்பரேட்டரு."

எனக்கு உடனே தோன்றியது சந்தோஷம் இல்லை. அவளிடம் ஒரு கடிதம் வாங்கிவிடலாம் என்றுதான் தோன்றியது. 'நான் இந்த ஆசிரியையின் மாணவி, வகுப்பில் அனைவருக்கும் மாதிரியாக என் விடை தரப்பட்டது' என்று நான்கு வரி. அதில் பொய் எது என்று ஹெலன் அம்மாளால்கூடக் காட்ட முடியாது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

6

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பேசினேன். அங்கே காலை. சேகர் எடைமேடை அலுவலகத்துக்குப் போய்த் தன் செல்போனை அவள் கையில் கொடுத்திருந்தான். பின்னால் லாரி உறுமுகிற சத்தம்.

"டீச்சர், நல்லா கீறீங்களா? குரல் அப்பிடியே கீது."

நான் சுற்றி வளைத்து, அவள் பெயர் இன்னமும் நோட்டுகளில் இருப்பதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று சொன்னேன். பிறகு கடிதத்தைக் கேட்டேன். "நான் சொல்றேன், நீ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா போதும்மா" என்றேன்.



"அன்னிக்கும் நீங்க சொல்லச் சொல்லதான் எழுதுனேன் டீச்சர்" என்றாள். கோபமே இல்லை. எடைச் சீட்டைப் படிக்கிற குரல். "அந்த மன்னிப்பு லெட்டர்ல கீறது எல்லாம் உங்களுது. அவுட்புட்டு ஒண்ணுதான் என்னுது. அத்தயும் உங்களுதுன்னு எழுதித் தரச் சொல்றீங்களா?"

"அப்படி இல்லம்மா" என்றேன்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கி என்னிய ஆஃப் பண்ணச் சொன்னீங்களே. உங்களுக்கு ஆஃப் பண்ணத் தெரியாது இல்ல?"

கம்ப்யூட்டர் என்று நான் படித்தது பொன்னேரியில் மாடிமேல் இருந்த கம்ப்யூட்டர் சென்டரின் ஆறு மாத டிப்ளமோ மட்டும்தான். ஒரு கம்ப்யூட்டர், முப்பது பேர். முன்னால் சார் உட்கார்ந்து தட்டுவார், நாங்கள் அவர் முதுகைப் பார்த்துக் குறிப்பு எடுப்போம். முதல் வகுப்பில் தேறினேன். பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தியது பெரிய சார் உத்தரவால் மட்டும் இல்லை. அவர்கள் தொட்டு, ஏதாவது கேட்டுவிட்டால் எனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடும். பெரிய சாரைப் பற்றி மேலே அவ்வளவு எழுதினேனே, அவருடைய பீரோ பூட்டியிருந்தது எனக்குத்தான் பெரிய நிம்மதி.

"தெரியாதும்மா" என்றேன்.

"இப்போ?"

"பையன் சொல்லிக் குடுத்தான்."

சிரித்தாள். அன்றைக்குத் திரையைக் காட்டிச் சிரித்த அதே சிரிப்பு. "நல்லதுதான் டீச்சர். லாரிங்க நிக்கிது, வெச்சிடறேன்" என்று சொல்லி போனைச் சேகரிடம் கொடுத்துவிட்டாள்.

7

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் படிவத்தை எடுத்தேன்.

மாணவர் பணி மாதிரிகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் முன்பு பன்னிரண்டு என்று எழுதியிருந்தேன். இப்போது ஒன்று என்று எழுதினேன். மாணவர் பெயர், கல்பனா. விளக்கம் என்ற பகுதியில், அவள் அறையைப் பெருக்க வந்தவள் என்று தொடங்கி, மன்னிப்புக் கடிதம் வரைக்கும் எழுதினேன். கொடுத்திருந்த கோடுகள் போதவில்லை, பின்பக்கமும் எழுதினேன். கவின் வந்து எட்டிப் பார்த்து, "டைப் பண்ணலாமேம்மா" என்றான். வேண்டாம் என்றேன்.

அதற்குக் கீழே கடைசியாக ஒரு கட்டம் இருந்தது. கற்பித்த ஆசிரியரின் பெயர். சிவப்பு மையில் ஆயிரக்கணக்கான முறை போட்டுப் பழகிய கை அங்கே தானாகவே போனது. பேனாவை மூடினேன்.

கட்டம் காலியாக இருந்தால் பூர்த்தியாகாத படிவம் என்று திருப்பி அனுப்புவார்கள். ஹெலன் அம்மாள் பார்க்காமல் விடுகிறவர் இல்லை. காலையில் அதை அப்படியே தபாலில் போட்டுவிட்டு ஆப்பிளுக்குச் சீட்டு ஒட்டப் போனேன்.